நூறு கிலோ கோட்டின் கதை: ஜப்பான் ரெஸ்லிங்கில் பெல்ட் எப்படி கைமாறுகிறது?

ஜப்பானில் தொழில்முறை மல்யுத்தத்தைச் சுருக்கமாக புரோரெஸ் என்பார்கள். அதைப் புதிதாகப் பார்க்க உட்காருகிறவர்களை முதலில் குழப்புவது பெல்ட்டுகள், அதாவது சாம்பியன் பட்டங்கள்தான். நியூ ஜப்பான் என்கிற ஒரே கம்பெனியில் ஹெவிவெயிட்டுக்கு ஒன்று, ஜூனியர் ஹெவிவெயிட்டுக்கு ஒன்று, எடையே பார்க்காத ஓப்பன்வெயிட் ஒன்று, ஜோடியாக ஆடுகிறவர்களுக்கு ஹெவியில் தனி, ஜூனியரில் தனி. சரி, யார் ஜெயிக்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்து ஆடுகிற ஆட்டத்தில் எடைப் பிரிவு எதற்கு?

குத்துச்சண்டையில் எடை பார்ப்பது அடிபடுகிறவனைக் காப்பாற்ற. புரோரெஸில் அது ஆட்டத்தின் பாணியைப் பிரிக்கிறது. நியூ ஜப்பானில் கோடு 100 கிலோ. அதற்குள் இருப்பவர் ஜூனியர்: கயிற்றின் மேலிருந்து பாய்வார், ரிங்குக்கு வெளியே நிற்பவன் மேல் பறந்து விழுவார், மூச்சு விடாமல் ஓடுவார். ஹெவிவெயிட் ஆட்டம் மெதுவாகத்தான் சூடுபிடிக்கும், ஒவ்வொரு அடிக்கும் கனம் இருக்கும். டிக்கெட் எடுக்கிறவருக்கு இன்றைக்கு எந்த மாதிரி ஆட்டம் என்பதைச் சொல்லிவிடுகிறது அந்தக் கோடு. அப்புறம் இன்னொன்று: அது ஒருவழிப் பாதை. எடை கூடியவர் இறங்கிவந்து ஜூனியர் பெல்ட்டுக்குச் சவால் விட முடியாது, ஆனால் எடை குறைந்தவர் மேலே ஏறிப் போய் ஹெவிவெயிட் பெல்ட்டைக் கேட்கலாம். நோவா கம்பெனியில் சுமார் 90 கிலோ இருந்த நவோமிச்சி மாருஃபுஜி 2006 செப்டம்பரில் ஜுன் அகியாமாவைத் தோற்கடித்து ஹெவிவெயிட் பெல்ட்டை வாங்கியது இந்த வழியில்தான்.

இந்தப் பிரிவு ஆரம்பத்திலிருந்தே இருந்ததில்லை. 1950களில் புரோரெஸை ஜப்பானில் நிலைநிறுத்திய ரிக்கிடோசான் சுமோவிலிருந்து வந்தவர், சுமோவிலோ எடைப் பிரிவே கிடையாது. ஜூனியர் பிரிவுக்கு ஜப்பானில் உயிர் வந்தது 1978 ஜனவரியில், தத்சுமி ஃபுஜினாமி நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஒரு ஜூனியர் பெல்ட்டை ஜெயித்து ஊருக்குக் கொண்டுவந்தபோது. 1981 ஏப்ரலில் காமிக்ஸ் நாயகனின் முகமூடியைப் போட்டுக்கொண்டு சதோரு சயாமா டைகர் மாஸ்க்காக இறங்கினார், அதன் பிறகு சின்ன உடம்புக்காரர்களைப் பார்ப்பதற்கென்றே கூட்டம் வந்தது. நியூ ஜப்பான் தன் சொந்த ஜூனியர் பெல்ட்டை 1986இல் தொடங்கியது, ஹெவிவெயிட் பெல்ட் அதற்கும் அடுத்த வருஷம் 1987இல்தான் வந்தது என்பது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும்.

ஒரு பெல்ட்டுக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது? எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஆல் ஜப்பான் கம்பெனியின் டைட்டில் ஆட்டங்களில் மணி அடிப்பதற்கு முன்னால் ஒரு சடங்கு நடக்கும். சாம்பியன் பெல்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார், கோட் போட்ட அதிகாரி ஒருவர் ரிங்குக்குள் ஏறி, இது சாம்பியன்ஷிப் ஆட்டம் என்று கையிலிருக்கும் தாளைப் பார்த்து நிதானமாக வாசிப்பார், அரங்கமே அமைதியாகக் கேட்கும். பெல்ட் அந்த நிமிடம் யாருடையதும் இல்லை. அவர்களின் டிரிபிள் கிரவுன் பட்டம் 1989 ஏப்ரல் 18 அன்று ஜம்போ சுருட்டா ஸ்டான் ஹான்சனை ஜெயித்தபோது மூன்று பெல்ட்டுகள் ஒன்றானதில் பிறந்தது. அதில் ஒன்று 1958இல் ரிக்கிடோசான் அமெரிக்காவின் லூ தெஸ்ஸிடமிருந்து ஜெயித்த இன்டர்நேஷனல் பட்டத்தின் வாரிசு. பல வருஷங்களுக்குச் சாம்பியன் ஆனவர் மூன்று பெல்ட்டையும் தூக்கிக்கொண்டுதான் வெளியே வருவார், அதைப் பார்க்கவே கண் கொள்ளாது.

சவால் விடும் உரிமையும் சும்மா கிடைக்காது. நியூ ஜப்பானில் 1991 முதல் கோடையில் ஜி1 கிளைமாக்ஸ் என்ற லீக் நடக்கிறது. அதில் சாம்பியனை லீக் ஆட்டத்தில் தோற்கடித்தவர் அதையே காட்டி பின்னால் டைட்டில் ஆட்டம் கேட்கலாம். லீக்கை ஜெயித்தவருக்கோ பெரும்பாலும் ஜனவரி 4 அன்று டோக்கியோ டோம் அரங்கில் சாம்பியனோடு மோதும் உரிமை. 2012இல் தொடங்கிப் பல வருஷங்களுக்கு அந்த உரிமையை ஒரு பத்திரமாக எழுதி பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள், அந்தப் பெட்டியையும் இலையுதிர் காலத்தில் ஆடிக் காப்பாற்ற வேண்டும்.

ஒவ்வொரு முறை பெல்ட்டைக் காப்பாற்றும்போதும் V1, V2 என்று எண்ணிக்கொண்டே போவார்கள். கசுச்சிகா ஒகாடா 2016 ஜூனில் ஜெயித்த ஹெவிவெயிட் பெல்ட்டை V12 வரை, 720 நாள் வைத்திருந்தார். 2018 ஜூன் 9 அன்று ஒசாகாவில் அவரைத் தோற்கடித்த கென்னி ஒமேகா, 2015இல் அதே கம்பெனியின் ஜூனியர் சாம்பியனாக இருந்தவர், 2016 ஜனவரியில்தான் கோட்டைத் தாண்டி ஹெவிக்குப் போனார். 100 கிலோ கோடு இல்லையென்றால் அந்த இரவுக்கு அவ்வளவு கனம் வந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கோட்டைத் தாண்டாமலேயே பெரியவர் ஆனவரும் உண்டு. ஜூஷின் தண்டர் லைகர் ஜூனியர் பெல்ட்டை 11 முறை ஜெயித்தவர். உயரம் போதாது என்று ஒதுக்கப்பட்டு மெக்சிகோவுக்குப் போய்க் கற்றுக்கொண்டு திரும்பியவர், 1989இல் லைகர் முகமூடியோடு டோக்கியோ டோமில் அறிமுகமானார். அதே டோமில் 2020 ஜனவரி 5 அன்று அவருடைய கடைசி ஆட்டம் நடந்தது. எதிரில் நின்ற ஹிரோமு தகாஹாஷி கழுத்துக் காயத்தால் 2018இல் ஜூனியர் பெல்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்றரை வருஷம் கழித்து முந்தின நாள் இரவுதான் அதை மறுபடி ஜெயித்திருந்தார். லைகரின் தோளைத் தரையில் அழுத்தி மூன்று எண்ண வைத்து ஜெயித்தது அவர்தான்.