1729-ஐப் பகா எண் என்று சொல்லிவிட்ட சோதனை

வங்கியின் இணையதளத்தைத் திறந்து அதன் பாதுகாப்புச் சான்றிதழைப் பார்த்தால், பல தளங்களில் 2048 பிட் நீளமுள்ள ஓர் எண் இருக்கும். நாம் எழுதும் பதின்ம முறையில் 617 இலக்கங்கள். யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம், நகலெடுத்து வைத்துக்கொள்ளலாம். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி வந்த எண் அது. அந்த இரண்டும் எவை என்று கண்டுபிடித்துவிட்டால் அந்தத் தளத்தைப் போலவே வேடமிட்டுவிடலாம். ஆனால், சாதாரணக் கணினிகளைக் கொண்டு இன்று தெரிந்திருக்கும் எந்த வழியிலும் அதைப் பிரிக்க முடியாது.

பெருக்குவது சுலபம், காரணிப்படுத்துவது கடினம் என்று இதைப் பற்றிப் படித்திருப்பீர்கள். என்னை அதைவிட இழுப்பது அதற்கு முந்தைய கேள்வி. அந்த இரண்டு பகா எண்களும் ஒவ்வொன்றும் முந்நூற்றுச் சொச்சம் இலக்கங்கள் கொண்டவை. அவ்வளவு பெரிய எண்ணுக்குக் காரணி எதுவும் இல்லை என்று கணினிக்கு எப்படித் தெரியும்? தேடிப் பார்த்துத்தானே சொல்ல வேண்டும்? தேடவே முடியாது என்பதை நம்பித்தானே பூட்டே போட்டிருக்கிறோம்?

தேட வேண்டியதே இல்லை என்பதுதான் பதில். எண்ணியலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஓர் எண்ணின் காரணி ஒன்றுகூடத் தெரியாமலேயே அது பகா எண் அல்ல என்று ஐயத்துக்கு இடமின்றி நிரூபித்துவிடலாம்.

வழி 1640-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் பியேர் த ஃபெர்மா எழுதிய ஒரு கடிதத்தில் இருக்கிறது. p ஒரு பகா எண் என்றால், அதன் மடங்காக இல்லாத எந்த எண்ணையும் p−1 அடுக்குக்கு உயர்த்தி p-ஆல் வகுத்தால் மீதி 1. உதாரணமாக 7-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2-இன் 6-ஆம் அடுக்கு 64. அதை 7-ஆல் வகுத்தால் மீதி 1. சரி. இப்போது 91. அது பகா எண்ணாக இருந்தால் 2-இன் 90-ஆம் அடுக்கை 91-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தாக வேண்டும். வருவதோ 64. ஆகவே 91 பகா எண் அல்ல. 7, 13 என்ற அதன் காரணிகளை நாம் தொடவே இல்லை.

2-இன் 90-ஆம் அடுக்கு 28 இலக்க எண்ணாயிற்றே, முந்நூறு இலக்க அடுக்கென்றால் என்ன ஆகும் என்று தோன்றலாம். அதை முழுதாகக் கணக்கிடவே தேவையில்லை. ஒவ்வொரு முறையும் வர்க்கப்படுத்தி, உடனே வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த வர்க்கத்துக்குப் போகலாம். ஒவ்வொரு வர்க்கமும் அடுக்கை இரட்டிப்பாக்குவதால், முந்நூறு இலக்க அடுக்குக்கும் சுமார் ஆயிரம் வர்க்கங்கள் போதும். கைப்பேசி கண்ணிமைப்பதற்குள் முடித்துவிடும். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் ‘எண்களும் தொடர்வரிசைகளும்’ பாடத்தில் வரும் மட்டு எண்கணிதம்தான் இது.

ஆனால் ஃபெர்மாவின் சோதனையில் ஓர் ஓட்டை உண்டு. அதில் நுழைந்து தப்பிக்கும் எண்களில் ஒன்று நமக்கு மிகவும் வேண்டப்பட்டது.

லண்டன் மருத்துவமனையில் படுத்திருந்த ராமானுஜனிடம், தான் வந்த டாக்சியின் எண் 1729, அதில் சுவாரசியமாக ஒன்றும் இல்லை என்று ஹார்டி சொன்னதும், இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்று ராமானுஜன் பதில் சொன்னதும் எல்லோருக்கும் தெரியும். அதே எண்ணின் இன்னொரு குணம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1729 என்பது 7, 13, 19 ஆகியவற்றின் பெருக்கல். இம்மூன்றிலும் ஒன்றைக் கழித்தால் 6, 12, 18. மூன்றுமே 1728-ஐ மீதியின்றி வகுக்கும். இதன் விளைவாக, 7, 13, 19 ஆகியவற்றின் மடங்காக இல்லாத எந்த எண்ணை எடுத்து 1728-ஆம் அடுக்குக்கு உயர்த்தினாலும், 1729-ஆல் வகுக்கும்போது மீதி 1-தான். ஃபெர்மாவின் சோதனை இதைப் பகா எண் என்றே எடுத்துக்கொள்ளும். இத்தகையவற்றுக்குக் கார்மைக்கேல் எண்கள் என்று பெயர். 561, 1105, 1729 என்று தொடங்கும் இவற்றுக்கு முடிவே இல்லை என்று 1994-இல் நிரூபித்தார்கள்.

ஓட்டையை அடைக்க, 1728-ஆம் அடுக்குக்கு ஒரே தாவலாகப் போகாமல் வழியில் வரும் மீதிகளைக் கவனித்தால் போதும். 1728 என்பது 27-ஐ ஆறு முறை இரட்டித்தால் வருவது. 2-இன் 27-ஆம் அடுக்கை 1729-ஆல் வகுத்தால் மீதி 645. அதை வர்க்கப்படுத்தி வகுத்தால் மீதி 1065. மறுபடி வர்க்கப்படுத்துவோம்: 1065 × 1065 = 11,34,225. அது 656 × 1729-ஐவிடச் சரியாக ஒன்று அதிகம். மீதி 1. அதற்கு மேல் எத்தனை முறை வர்க்கப்படுத்தினாலும் 1-தான், அதனால்தான் கடைசி விடை நம்மை ஏமாற்றியது.

ஆனால் 1065-இல் குட்டு வெளிப்பட்டுவிட்டது. அதன் வர்க்கத்தில் ஒன்றைக் கழித்தால் 1729-இன் மடங்கு. அதாவது 1064 × 1066 என்ற பெருக்கலை 1729 வகுக்கிறது. ஒரு பகா எண் இரண்டு எண்களின் பெருக்கலை வகுத்தால் அந்த இரண்டில் ஒன்றையாவது வகுத்தே ஆக வேண்டும். 1064, 1066 இரண்டுமே 1729-ஐவிடச் சிறியவை, எதையும் அது வகுக்காது. எனவே 1729 பகா எண் அல்ல. இங்கே கூடுதலாக ஒன்றும் கிடைக்கிறது: 1064-க்கும் 1729-க்கும் மீப்பெரு பொது வகுத்தி 133, அதாவது 7 × 19. காரணியே கையில் வந்துவிட்டது. எல்லா எண்ணும் இப்படிக் கொடுத்துவிடாது. பெரும்பாலான பெரிய பகு எண்கள் ஃபெர்மாவின் சோதனையிலேயே தோற்றுவிடும். ‘பகா எண் அல்ல’ என்ற தீர்ப்பு மட்டும் கிடைக்கும், காரணி கிடைக்காது.

கேரி மில்லர் 1976-இலும் மைக்கேல் ராபின் 1980-இலும் இதை ஒரு முழுமையான சோதனையாக்கினார்கள். 2-க்குப் பதில் ஏதோ ஓர் எண்ணைக் குலுக்கலில் எடுத்துச் சோதித்தால், பகு எண் தப்பிக்கும் வாய்ப்பு அதிகபட்சம் நான்கில் ஒன்று. நாற்பது முறை வேறு வேறு எண்களோடு சோதித்தால் அது ஒன்றுக்குப் பின் 24 சுழியங்கள் போட்ட எண்ணில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். வாய்ப்பு என்ற சொல்லே இல்லாமல், விரைவாக, முழு உறுதியோடு சொல்ல முடியுமா என்பது நெடுங்காலம் திறந்தே கிடந்த கேள்வி. 2002 ஆகஸ்டில் ஐஐடி கான்பூரிலிருந்து மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் ‘முடியும்’ என்று நிரூபித்தார்கள். கயாலும் சக்சேனாவும் அப்போதுதான் இளநிலைப் படிப்பை முடித்திருந்தவர்கள். நடைமுறையில் இன்றும் மில்லர்–ராபின் சோதனைதான் ஓடுகிறது, அது வெகு வேகம் என்பதால்.

1024 பிட் அளவில் சுமார் 710 எண்களுக்கு ஒன்று பகா எண். இரட்டை எண்களை விட்டுவிட்டால் 355-க்கு ஒன்று. கணினி குலுக்கலில் ஒற்றை எண்களை எடுத்து எடுத்துச் சோதித்தால் சில நூறு முயற்சிகளில் ஒன்று சிக்கிவிடும்.

இப்படிச் சிக்கிய இரண்டை வைத்துப் பூட்டுவதுதான் 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் கொடுத்த ஆர்எஸ்ஏ முறை. பிரிட்டிஷ் உளவு அமைப்பில் கிளிஃபர்ட் காக்ஸ் 1973-இலேயே இதே வழியைக் கண்டிருந்தார். அது 1997 வரை வெளியே தெரியவில்லை. சிறிய எண்களில் பார்க்கலாம். 5, 11 நம் பகா எண்கள். ஊருக்குச் சொல்வது அவற்றின் பெருக்கலான 55-ஐயும் 3-ஐயும். அனுப்ப வேண்டிய எண் 7 என்றால், 7-இன் கனம் 343. 55-ஆல் வகுத்தால் மீதி 13. அனுப்புவது இந்த 13-ஐ. பெறுபவர் 13-ஐ 27-ஆம் அடுக்குக்கு உயர்த்தி 55-ஆல் வகுத்தால் மீதி 7. இந்த 27 எங்கிருந்து வந்தது? 5, 11 இரண்டிலும் ஒன்றைக் கழித்துப் பெருக்கினால் 4 × 10 = 40; 3 × 27 = 81; 81-ஐ 40-ஆல் வகுத்தால் மீதி 1. ஃபெர்மாவின் விதியை ஆய்லர் விரித்தபடி, 40 அடுக்குக்கு ஒரு முறை மீதி 1-க்குத் திரும்பிவிடும், மிஞ்சுவது பழைய எண்ணேதான். 5, 11 தெரியாமல் 40 தெரியாது, 40 தெரியாமல் 27 கிடைக்காது.

1977-இல் சவாலாக வெளியிட்ட 129 இலக்க எண்ணை 1994-இல் இணையம் வழியே சேர்ந்த சுமார் 600 தன்னார்வலர்களின் கணினிகள் பிரித்தன. 2020-இல் 250 இலக்க எண் ஒன்று பிரிந்தது. 617 இலக்கம் வெகு தொலைவில் இருக்கிறது. ஆனால் பூட்டு உடைவது பெரும்பாலும் இந்த வழியில் அல்ல. 2012-இல் ஆய்வாளர்கள் இணையத்திலிருந்து லட்சக்கணக்கான பொதுச் சாவிகளை, அதாவது நம் 55 போல ஊருக்குச் சொல்லும் பெருக்கல்களை, திரட்டி அவற்றுக்குள் மீப்பெரு பொது வகுத்தி பார்த்தார்கள். 8633, 9167 என்ற இரண்டு எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியதைச் சிறியதால் வகுத்தால் மீதி 534. 8633-ஐ 534-ஆல் வகுத்தால் மீதி 89. 534-ஐ 89 மீதியின்றி வகுக்கும். 89 இரண்டுக்கும் பொதுக் காரணி. இரண்டு பூட்டும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டன. யூக்ளிட் காலத்துக் கணக்கு இது, எத்தனை நூறு இலக்கமானாலும் நொடியில் முடியும். அவர்கள் பார்த்த பாதுகாப்பு இணைப்புச் சர்வர்களில் இருநூறுக்கு ஒன்றின் ரகசியச் சாவி இப்படிக் கிடைத்தது. ரௌட்டர், ஃபயர்வால் போன்ற கருவிகள் முதல்முறை இயங்கியதும், போதிய தற்செயல் எதுவும் உள்ளே சேருமுன் குலுக்கலை எடுத்ததால் ஒரே பகா எண் பல கருவிகளுக்கு வந்துவிட்டது. கணிதத்தில் பிழையே இல்லை, குலுக்கல்தான் குலுங்கவில்லை.

குவாண்டம் கணினி விஷயம் வேறு. 2-இன் அடுக்குகளை 91-ஆல் வகுத்துக்கொண்டே போனால் 12-ஆவது அடுக்கில் மீதி 1 வரும், பிறகு அதே மீதிகள் சுழலும். பாதி வழியில், 6-ஆவது அடுக்கில், மீதி 64. அதன் வர்க்கத்துக்கு மீதி 1. அதாவது 63 × 65 என்பதை 91 வகுக்கிறது. 63-க்கும் 91-க்கும் பொது வகுத்தி 7, 65-க்கும் 91-க்கும் 13. 1729-இல் பார்த்த அதே கணக்கு. பெரிய எண்களில் அந்தச் சுழற்சியின் நீளத்தைக் கண்டுபிடிப்பதுதான் சாதாரணக் கணினிக்கு எட்டாதது. போதிய அளவுக்குப் பெரிய, பிழை திருத்திக்கொள்ளும் குவாண்டம் கணினி ஒன்று இருந்தால் அதை விரைவாகக் காணலாம் என்று பீட்டர் ஷோர் 1994-இல் காட்டினார். அப்படியொன்று இன்னும் உருவாகவில்லை.

உருவாகுமுன் மாறிக்கொள்ள வேண்டும் என்று அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2024 ஆகஸ்டில் புதிய முறைகளை அறிவித்தது. சாவிப் பரிமாற்றத்துக்கான எம்எல்-கேஇஎம் முறையில் காரணிப்படுத்தலுக்கு இடமே இல்லை. ஆனாலும் அதில் எல்லாக் கணக்கும் 3329 என்ற பகா எண்ணால் வகுத்த மீதிகளில்தான் நடக்கிறது. அந்த எண்ணைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம், 3328 என்பது 256 × 13. அதனால் 256 அடுக்கில் முதன்முறையாக 1-க்குத் திரும்பும் எண் ஒன்று அதற்குள் இருந்தே தீரும். அந்த வேலைக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது 17.