பார்க்லியின் 2,005 யார்டுகளில் அவருடையவை எத்தனை?

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை வாங்கிக்கொண்டு எதிரணியின் நெரிசலுக்குள் புகுந்து ஓடுபவரை ரன்னிங் பேக் என்பார்கள். சாக்வான் பார்க்லி 2023ஆம் ஆண்டுப் பருவத்தில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்காக 247 முறை ஓடி 962 யார்டுகள் எடுத்தார்; சராசரி 3.9. அடுத்த பருவத்தில் பிலடெல்பியா ஈகிள்ஸுக்கு மாறி, 345 ஓட்டங்களில் 2,005 யார்டுகள் குவித்தபோது சராசரி 5.8 ஆயிற்று. இருபத்தேழு வயதுக்காரரின் திறமை ஓராண்டில் இவ்வளவு கூடியிருக்க வாய்ப்பில்லை.

பெரிதும் மாறியது அவருக்கு முன்னே நின்ற தடுப்பு வரிசைதான், அதாவது எதிரணியினரைத் தடுத்து அவருக்கு வழி திறந்துவிடும் சக வீரர்கள். இடக்கோடியில் ஆறடி எட்டங்குல உயரமுள்ள ஜோர்டன் மைலாட்டா, வலக்கோடியில் அனுபவசாலியான லேன் ஜான்சன். ஆட்டத்தை வழிநடத்திப் பந்தை எறியவோ கைமாற்றவோ செய்யும் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் தாமே பந்தோடு ஓடக்கூடியவர் என்பதால், பந்து யார் கையில் இருக்கிறது என்று எதிரணியில் ஒருவர் கணநேரம் தயங்குவார். வழி திறக்க அதுவே போதும்.

இந்த உதவியைக் கழித்துவிட்டு ஓட்டக்காரரின் பங்கை மட்டும் அளக்க ஒரு வழி உண்டு. ஆட்டக்காரர்களின் தோள்கவசத்தில் பொருத்தப்பட்ட சில்லுகள் அவர்களுடைய இருப்பிடத்தை நொடிக்கு 10 முறை பதிவுசெய்கின்றன. பந்து கைமாறும் கணத்தில் 22 பேரும் எங்கே நிற்கிறார்கள், எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் நகர்கிறார்கள் என்பதைக் கொண்டு, அந்த ஓட்டம் எத்தனை யார்டு போகும் என்பதற்கான நிகழ்தகவுகளைக் கணினி கணிக்கிறது. அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் நடத்திய கணிப்புப் போட்டியில் ஆஸ்திரியாவைச் சேர்ந்த பிலிப் சிங்கரும் டிமிட்ரி கோர்தேயெவும் உருவாக்கிய நரம்பணு வலைப்பின்னல் (தரவுகளிலிருந்து தானே கற்கும் கணினி நிரல்) இதில் முதலிடம் பெற்றது. கணிப்பு 4 யார்டாக இருக்க, ஒருவர் 7 யார்டு ஓடினால், மிகுதியான 3 யார்டை அவர் கணக்கில் சேர்க்கலாம்.

இங்கும் சராசரி ஏமாற்றும் என்பதை மறக்கக் கூடாது. ஒன்பது முறை 3 யார்டு, ஒருமுறை 60 யார்டு ஓடியவரின் சராசரி 8.7, ஆனால் அவர் ஒரு தடவைகூட 8 யார்டையொட்டி ஓடவில்லை. பார்க்லியும் நெடுந்தூர ஓட்டங்களுக்குப் பேர்போனவர். அதைக் குறையென்று சொல்ல மாட்டேன்: இடைவெளியைத் தடுப்பு வரிசை உண்டாக்கித் தரலாம், அதைத் தாண்டியபின் கடைசிக் காவலரை முந்தும் வேகம் அவருடையதே.

இந்தக் கணினிக் கணிப்பு முறையின் பெரிய குறை வேறு. எதிரணி நிற்கும் நிலையை அது அப்படியே எடுத்துக்கொள்கிறது. அவர்கள் ஏன் அங்கே நிற்கிறார்கள் என்று கேட்பதில்லை. 2025 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுல் என்னும் லீக்கின் இறுதிப்போட்டியில் கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணி பார்க்லியை அடைப்பதில் குறியாக இருந்ததால், 25 ஓட்டங்களில் அவர் எடுத்தது வெறும் 57 யார்டுதான். அவரை அடைக்க ஆட்களைக் குவித்தால் பந்தை எறிந்து ஆடுவதற்கு இடம் கிடைக்கும். ஹர்ட்ஸ் அதைப் பயன்படுத்திக்கொண்டார், ஈகிள்ஸ் 40–22 என்று வென்றது. அந்த வெற்றியில் பார்க்லிக்கு உரிய பங்கை எந்த யார்டுக் கணக்கிலும் எழுத முடியாது.