குழம்பிய குட்டையும் கலங்கிய ஆறும்

பெங்களூரு அல்சூரில் ஒரு மீன்கடையில் விராலுக்காகக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் கடைக்காரரிடம் அலுத்துக்கொண்டார்: "ஆத்துல கலங்கல் வந்ததும் வலையைத் தூக்கிட்டு ஓடுறானுங்க. மீனுக்குக் கண்ணே தெரியாத நேரம்பா அது, பாவம்." கடைக்காரர் கத்தியை நிறுத்தவில்லை. "மீசை வெச்ச மீனுக்குக் கண்ணு எதுக்கு பெரியவரே?"

இரண்டு பேர் சொன்னதும் பாதிப் பாதி சரி.

களிமண் துகள் மிகப் பொடி, 0.002 மில்லிமீட்டருக்கும் கீழே. ஒன்றையொன்று விலக்கும் மின்னூட்டம் இருப்பதால் நாள்கணக்கில் அடியில் படியாது. (தேத்தாங்கொட்டையும் படிகாரமும் அவற்றைத் திரளவைத்துத்தான் தண்ணீரைத் தெளியவைக்கின்றன.) மிதக்கும் துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால், பார்த்து இரை பிடிக்கும் மீன் தடுமாறும். கெளுத்திக்கு அந்தக் கவலை இல்லை. அதன் மீசையிலும் தோலிலும் சுவை மொட்டுகள்; உடம்பாலேயே ருசி பார்க்கும். மீன்களின் விலாவில் ஓடும் பக்கக்கோடு தண்ணீரின் அசைவை உணரும். ஆனால் அசையாமல் தொங்கும் நைலான் வலை அதற்கு அவ்வளவாகச் சேதி சொல்லாது. பெரியவர் ஜெயிப்பது இந்த இடத்தில்.

குட்டையைக் குழப்பிப் பிடிப்பது வேறு சங்கதி. அங்கே மீன் சிக்குவது பார்வை போனதால் மட்டும் இல்லை, மூச்சு முட்டுவதாலும்தான். ஒரு லிட்டர் தண்ணீரில் 25 டிகிரி வெப்பத்தில் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். ஒரு லிட்டர் காற்றில் அதைப்போல் 30 மடங்குக்கு மேல். கோடையில் வற்றிய குட்டையின் அடிச்சேற்றை மிதித்துக் கிளப்பினால், அதில் மக்கிக் கிடப்பவை அந்தக் கொஞ்சத்தையும் உறிஞ்சிவிடும். சேறு செவுளையும் அடைக்கும். மேலே வந்து வாயைப் பிளக்கும் மீனைக் கையாலேயே அள்ளலாம். இதில் திறமை எங்கே இருக்கிறது?

கனகபுரா தாண்டி, அர்க்காவதி காவிரியில் கலக்கும் சங்கமத்தில் தென்மேற்குப் பருவமழைக்கு வரும் செந்நீர் ஆறே கொண்டுவருவது. கெண்டை இனங்கள் பல அந்தப் புதுவெள்ளத்தை நம்பித்தான் முட்டையிடக் கிளம்புகின்றன. ஆகவே கலங்கல் வலையில் விழுவது பெரும்பாலும் சினைமீன். ஆனால் அதே அர்க்காவதியில் அதன் துணையாறான விருஷபாவதி கொண்டுவந்து சேர்க்கும் பெங்களூரின் சாக்கடைக்குப் பருவம் கிடையாது. அதுவும் ஆக்சிஜனைத் தின்னும் கலங்கல்தான். வலை வீசாமலே நாம் கலக்கிவிடுவது.

சரி, தெளிந்த தண்ணீரில் பிடித்தால் பாவமில்லையா? விரால் தன் குஞ்சுகளைக் கூடவே இருந்து காக்கும். செம்மஞ்சள் நிறக் குஞ்சுக் கூட்டம் தெளிந்த நீரில் பளிச்சென்று தெரியும். அதன்மேல் தவளையைக் கட்டித் தூண்டில் போட்டால் தாயோ தகப்பனோ பாய்ந்து கவ்வும், பசியால் அல்ல, குஞ்சைக் காக்க. பெற்றவை போனபின் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரை. கலங்கலில் வலை வீசியவர் தெரியாமல் செய்கிறார் என்றாவது சொல்லலாம். இவர் பார்த்துக்கொண்டே செய்கிறார். என் கணக்கில் இதுதான் மோசம்.

என் முறை வந்தது. விரால் எந்தத் தண்ணீரில் பிடித்தது என்று கேட்டேன்.

"பண்ணையில வளத்தது சார். ஆந்திரா."