டர்பனில் கட்டிய விமானம் ஜோகன்னஸ்பர்க்கில் ஏன் திணறுகிறது?

டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் வீட்டு கராஜில் கட்டி, கடற்காற்றில் அழகாகப் பறந்த ரேடியோ கட்டுப்பாட்டு விமானம் ஒன்றை என்3 நெடுஞ்சாலையில் ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவுக்குக் கொண்டுபோய்க் கையால் எறிந்து விட்டால், பல சமயம் பத்து மீட்டர் தள்ளி மூக்குக் குத்தி விழுகிறது. பேட்டரி முழுதாக இருக்கும். இறக்கை, வால் மடல்களை அசைக்கும் சின்ன மோட்டார்களான சர்வோக்கள் சரியாக அசையும். எடையும் ஒரு கிராம் கூடியிருக்காது. மாறியிருப்பது காற்று.

டர்பன் கடல் மட்டத்தில் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில். வெப்பநிலை 30 டிகிரி என்று வைத்துக்கொண்டால், டர்பனில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 1.16 கிலோ எடை இருக்கும். ஜோகன்னஸ்பர்க் இருக்கும் ஹைவெல்ட் மேட்டில் அது 0.95 கிலோதான். ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. இறக்கை தூக்குவதும் புரொப்பெல்லர் இழுப்பதும் மோட்டாரின் சூடு ஆறுவதும் இந்தக் காற்றை நம்பித்தான். ஆகவே மூன்றும் ஒரே நேரத்தில் குறைகின்றன.

இதை ஒரு விமானத்தை வைத்தே பார்க்கலாம். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும், இருபுறமும் காகிதம் ஒட்டிய 5 மில்லிமீட்டர் ஃபோம் போர்டு, ஏ1 அளவு. ஒரு தாளைக் குறுக்கே பாதியாக வெட்டினால் 594 × 420 மில்லிமீட்டரில் இரண்டு துண்டுகள் வரும். ஒவ்வொன்றையும் நீளவாக்கில் மடித்தால் இரண்டு அரை இறக்கைகள். இரண்டையும் சேர்த்தால் நீளம் 1.19 மீட்டர், முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புவரை 200 மில்லிமீட்டர், பரப்பு சுமார் 24 சதுர டெசிமீட்டர். வாங்கும் முன் தாளை எடை போட்டுப் பாருங்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் போர்டுகள் எடையில் நிறையவே வேறுபடும்.

மடிப்புதான் இறக்கையின் உயிர். உட்பக்கக் காகிதத்தை மட்டும் மடிப்புக் கோட்டில் கத்தியால் கீறி, 10 மில்லிமீட்டர் இடைவெளியில் இன்னும் இரண்டு கோடுகள் கீறுங்கள். வெளிக் காகிதத்தில் கத்தி படவே கூடாது. பிறகு பென்சிலைப் படுக்க வைத்து அந்தக் கோடுகளின் மேல் உருட்டி ஃபோமை நசுக்கினால், முன்விளிம்பு உடையாமல் உருண்டையாக வளையும். உள்ளே, முன்விளிம்பிலிருந்து 60 மில்லிமீட்டரில், 14 மில்லிமீட்டர் உயரமுள்ள இரண்டு ஃபோம் பட்டைகளை முதுகோடு முதுகு ஒட்டி நெடுகச் செருகுங்கள். மேல் தோலும் கீழ்த் தோலும் சேர்ந்து மொத்தத் தடிமன் 24 மில்லிமீட்டர் ஆகும். அது அகலத்தில் 12 சதவீதம், இந்த அளவு விமானத்துக்கு ஏற்றது. இரு பாதிகளும் சேரும் நடுப்பகுதியில் இந்தப் பட்டை இணைப்பில்லாமல் ஓட வேண்டும். திருப்பத்தில் இறக்கை மடங்கும் விபத்துகள் அந்த நடு இணைப்பில்தான் தொடங்குகின்றன.

ஹாட் குளூ வேகமாக ஒட்டும், ஆனால் கனமானது. தாராளமாகப் பூசினால் 60 கிராம் ஏறிவிடும். வெயிலில் பூட்டி வைத்த காருக்குள் இளகவும் செய்யும். மோட்டார் தாங்கியை மட்டும் 3 மில்லிமீட்டர் பிளைவுட்டில் செய்து எபாக்ஸியால் ஒட்டுங்கள். டர்பனின் ஈரப்பதத்தில் காகிதம் உரிந்து வரும் என்பதால், வெட்டிய விளிம்புகளில் தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட (வாட்டர்-பேஸ்டு) வார்னிஷ் ஒரு பூச்சு போதும்.

மின்சாதனங்கள் எளியவை: 2212 அளவில் 1000 கேவி பிரஷ்லெஸ் மோட்டார், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் இஎஸ்சி, 3 செல் 2200 மில்லிஆம்பியர்-மணி லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி), 9 கிராம் சர்வோ நான்கு. கேவி என்பது சுமையில்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதைச் சொல்கிறது. 11.1 வோல்ட்டில் 11,100 சுற்று. புரொப்பெல்லரை மாட்டியதும் அது நன்றாகவே இறங்கும். விமானம் முழுவதும் சேர்ந்து 900 கிராமுக்குள் நிற்க வேண்டும். 10×4.5 புரொப்பெல்லரோடு (விட்டம் 10 அங்குலம்; பிட்ச், அதாவது ஒரு சுற்றில் முன்னேறும் தூரம், 4.5 அங்குலம்) டர்பனில் இந்த மோட்டார் சுமார் 14 ஆம்பியர் இழுக்கும், அதாவது 150 வாட்டுக்கு மேல். வாட் மீட்டர் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். அது இல்லாமல் புரொப்பெல்லர் தேர்ந்தெடுப்பது குருட்டு வேலை.

அடிக்கடி கவனிக்காமல் விடப்படுவது இஎஸ்சிக்குள் இருக்கும் பிஇசி. ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் 5 வோல்ட் கொடுப்பது அதுதான். மலிவான வகையில் மிச்ச வோல்ட் முழுக்கச் சூடாகவே போகிறது. சர்வோக்கள் சராசரியாக 1 ஆம்பியர் இழுத்தால் 6 வாட் சூடு, விரல் நகம் அளவுள்ள ஒரு சிப்பில். மடலைத் தள்ளும் கம்பி வளைந்து சர்வோ உராய்ந்து முனகிக்கொண்டே இருந்தால், பிஇசி சூடேறி அடங்கிவிடும். ரிசீவர் வானத்திலேயே அணையும். "சிக்னல் போய்விட்டது" என்று சொல்லப்படும் பல விபத்துகளின் காரணம் இதுதான். மடல்களின் மடிப்பு மூட்டுகள் விரலால் தொட்டாலே அசையும்படி இருக்க வேண்டும். இஎஸ்சி மேல் காற்று பட வழி விடுங்கள்.

எடை மையம் இறக்கையின் அடியில், முன்விளிம்பிலிருந்து 50 முதல் 60 மில்லிமீட்டருக்குள். பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்தித்தான் இதைச் சரிசெய்ய வேண்டும். ஈயம் கட்டுவது கடைசி வழி. மோட்டாரை 2, 3 டிகிரி கீழேயும் அதே அளவு வலப்புறமும் சாய்த்து வையுங்கள். இல்லாவிட்டால் திராட்டிலை (மோட்டார் வேகத்தை) ஏற்றும்போதெல்லாம் மூக்கு மேலேறி இடப்பக்கம் இழுக்கும்.

இனி மேட்டுக்கு வருவோம். இந்த விமானம் டர்பனில் மணிக்கு சுமார் 27 கிலோமீட்டரில் ஸ்டால் ஆகும், அதாவது தூக்குவிசை கைவிடும். ஜோகன்னஸ்பர்க்கில் அதே வெயிலில் அந்த எல்லை 30 கிலோமீட்டர். வித்தியாசம் சிறியதுதான், ஆனால் கையால் எறியும் வேகம் இந்த எல்லையை ஒட்டியே இருக்கிறது. டர்பனில் தப்பித்த எறி இங்கே தப்பாது. காற்றை எதிர்கொண்டு, முழு திராட்டிலில், நாலு எட்டு ஓடி, தொடுவானத்துக்கு நேராக எறியுங்கள். மேல்நோக்கி எறிந்தால் ஸ்டால்தான். காலை நேரமும் உதவும்: 10 டிகிரிக் குளிரில் காற்றின் அடர்த்தி பிற்பகலைவிட 7 சதவீதம் அதிகம், கோடைகால இடிமழையும் அப்போது இருக்காது.

பெரிய மோட்டார் போட்டால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரிய மோட்டாரோடு பெரிய பேட்டரியும் வருகிறது. எடை ஏறினால் ஸ்டால் வேகமும் ஏறுகிறது. இறக்கையை அகலமாக்குவதே நல்ல வழி. அரை இறக்கைக்கு ஒரு முழுத் தாள் எடுத்து, அகலத்தை 240 மில்லிமீட்டர் ஆக்குங்கள். எடை 50 கிராம்போல ஏறும், ஆனால் ஸ்டால் வேகம் 28, 29க்கு இறங்கும். நீளத்தைக் கூட்டுவதைவிட அகலத்தைக் கூட்டுவது இந்த அளவில் பலன் தரும். ஒடுங்கிய இறக்கையில் காற்றோட்டம் சீக்கிரம் பிய்ந்துவிடும். எடை மையத்தையும் 60 முதல் 72 மில்லிமீட்டருக்கு மாற்ற மறக்காதீர்கள், வாலையும் அதே விகிதத்தில் பெரிதாக்குங்கள்.

புரொப்பெல்லரைப் பொறுத்தவரை, மெல்லிய காற்றில் அதே 10×4.5 சுமார் 12 ஆம்பியர்தான் இழுக்கும், இழுவையும் குறையும். 10×6 மாட்டினால் மோட்டார் மறுபடி 14 ஆம்பியர் அளவுக்கு வரும், வேகமும் கூடும். 11 அங்குலத்துக்குத் தாவ வேண்டாம். புரொப்பெல்லருக்கு வேண்டிய சக்தி விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறுவதால் ஒரே அங்குலத்தில் 60 சதவீதம் கூடிவிடும், சூட்டை எடுத்துப்போகக் காற்றும் குறைவு. தரையிறங்கியதும் மோட்டாரைத் தொடுங்கள். விரலை ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால் பிட்ச் அதிகம்.

மைதானத்தில் பக்கியின் (பிக்கப் வண்டியின்) 12 வோல்ட் பேட்டரியிலிருந்தே லிப்போவை சார்ஜ் செய்யலாம், 2.2 ஆம்பியருக்கு மேல் வேண்டாம், பக்கத்திலேயே இருங்கள். செல்லுக்கு 4.2 வோல்ட் மேல் எல்லை, பறக்கும்போது 3.5க்குக் கீழே இறங்க விடாதீர்கள். டைமரைப் 10 நிமிடத்துக்கு வையுங்கள். பறக்காமல் எடுத்து வைக்கும்போது செல்லுக்கு 3.8 வோல்ட்.

வார இறுதி முடிந்து டர்பன் திரும்பியதும் முதல் வேலை, அந்த 10×6ஐக் கழற்றுவது. கடல் மட்டக் காற்றில் அது 17 ஆம்பியர்வரை இழுக்கும். மேட்டில் சமாளித்த மோட்டார் இங்கே கம்பிச்சுருள் கருகிப் போகலாம்.