மந்தைப்போக்கு: சொல் விளக்கம்

எண்ணாமல் கூட்டத்தின் பின்னே செல்லும் போக்கு ஆங்கிலத்தில் ‘ஹெர்ட் மென்டாலிட்டி’ எனப்படுகிறது. அதைத் தமிழில் மந்தை மனப்பான்மை, மந்தைப் புத்தி, மந்தைப்போக்கு என்று பலவாறாக எழுதுகிறோம். மூன்றிலும் மாறாமல் நிற்கும் ‘மந்தை’ சென்னைவாசிகளுக்குப் புதிய சொல்லன்று. மாடு மேய்ந்த வெளி போய்ப் பேருந்து நிலையம் வந்த பின்னும் மந்தைவெளி என்ற பெயரில் அது தங்கியிருக்கிறது.

மந்தைக்கு இரு பொருள் உண்டு. ஒன்று, ஆடுமாடுகளின் கூட்டம். மற்றொன்று, அவை வந்து கூடும் ஊர்ப் பொதுவிடம். மதுரைப் பக்கத்துச் சிற்றூர்களில் ஊர்க்காரர்கள் கூடிப் பேசும் இடத்தை இன்றும் மந்தை என்றே சொல்கிறார்கள். தெலுங்கின் ‘மந்த’, நீலகிரித் தோடர்களின் குடியிருப்பைக் குறிக்கும் ‘மந்து’ ஆகியவை இதன் உறவுச் சொற்கள். சொல்லின் பிறப்பில் இகழ்ச்சி இல்லை. மனிதரைப் பார்த்து ‘ஆட்டு மந்தை’ என்னும்போதுதான் அது வசையாகிறது.

பேச்சுவழக்கில் மந்தைப்போக்குக்கு நெடுநாளாக இருக்கும் தொடர் ‘கும்பலோடு கோவிந்தா’. திருப்பதிக் குடை ஊர்வலம் சென்னையின் யானைக்கவுனியைக் கடக்கும்போது அங்கு நின்றவர்களுக்கு இத்தொடரின் நுட்பம் புரியும்: அத்தனை குரல்களுக்கிடையே ஒருவர் கோவிந்தா சொன்னாரா, வெறுமனே வாயசைத்தாரா என்று எவராலும் கண்டுபிடிக்க முடியாது. தன் பொறுப்பைக் கூட்டத்துக்குள் மறைத்துக்கொள்வதை இவ்வளவு சுருக்கமாக ஆங்கிலச் சொல் சொல்லவில்லை என்பது என் எண்ணம்.

கல்லூரிகளில் இப்போக்கு அன்றாடக் காட்சி. வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் இரவு பத்து மணிக்கு ‘நாளைக்கு மாஸ் பங்க்’ (எல்லோரும் சேர்ந்து வகுப்புக்கு மட்டம்) என்று ஒரு வரி விழுந்தால், மறுநாள் தேர்வுக்குப் படித்து முடித்தவனும் கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் படுத்துவிடுகிறான். வருகைப்பதிவு குறைவது சிறிய இழப்பு. கல்லூரி மாணவர்கள் தாம் போய்வரும் வழித்தடப் பேருந்தில் கொண்டாடும் ‘பஸ் டே’ அப்படியன்று. அந்த வழித்தட மாணவர்களின் தலைவனான ‘ரூட்டு தல’ ஏறினான் என்பதற்காகப் பேருந்தின் கூரையில் ஏறியவர்கள், 2019 ஜூனில் ஓட்டுநர் பிரேக் போட்டதும் கொத்தாகச் சாலையில் விழுந்ததைக் காணொளியில் ஊரே பார்த்தது.

1950களின் தொடக்கத்தில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொன்னார். உடனிருந்தவர்கள், முன்னேற்பாட்டின்படி, கண்ணுக்குத் தெரிந்தே தவறான விடையைச் சொன்ன சுற்றுகளில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விடைகள் அவர்களைப் பின்பற்றித் தவறாயின. ஆனால் உடனிருந்தவர்களில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னாலே அந்தத் தவறு வெகுவாகக் குறைந்தது. கட்டைவிரலை உயர்த்திய மாணவனுக்கும் கூட்டத்தின்மேல் நம்பிக்கை இருந்திருக்க வேண்டியதில்லை. தனித்து நிற்கும் கூச்சமே போதும்.

ஆயினும், கூட்டத்தோடு போவதெல்லாம் கேடு என்று எழுதிவிட முடியாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நண்பன் போகிறான் என்பதற்காகவே நிவாரணப் பொட்டலம் கட்டப் போன மாணவர்கள் பலர். 2017 ஜனவரியில் மெரினாவில் சல்லிக்கட்டுக்காகத் திரண்டவர்கள், பக்கத்தில் இருந்தவர் குனிந்து குப்பை பொறுக்கியதைப் பார்த்துத் தாமும் பொறுக்கினார்கள். புதிதாகச் சேர்ந்த மாணவிக்கு நூலகம் போகும் பழக்கமும் பெரும்பாலும் விடுதித் தோழியரைப் பார்த்தே வருகிறது.

இந்த நல்ல பாதிக்கு ‘மந்தை’ பொருந்தாது. அதற்குரிய பழஞ்சொல் ‘இனம்’. சாதி, மொழி என்ற இன்றைய பொருளில் அல்ல, ஒருவர் சேர்ந்து பழகும் கூட்டம் என்ற பொருளில். திருக்குறளின் 46ஆம் அதிகாரமான சிற்றினம் சேராமை, அதன் கடைசிக் குறளில் நல்லினத்தைவிடச் சிறந்த துணை இல்லை என்றும், தீயினத்தைவிடத் துன்பம் தருவதும் இல்லை என்றும் ஒரே மூச்சில் சொல்கிறது. இரு பக்கத்தையும் ஒரு சொல்லே தாங்குகிறது.

எனவே, எண்ணாமல் பின்செல்வதற்கு மட்டும் ‘மந்தைப்போக்கு’ என்று எழுதலாம். ‘மனப்பான்மை’ தேவையற்ற நீட்டம். ‘புத்தி’ வசவாக ஒலிக்கிறது. நன்மை தீமை சொல்லாமல் பொதுவாகக் குறிக்க ‘கூட்டத்தோடு போதல்’ போதும். ‘பியர் பிரஷர்’ என்பதற்கு வழங்கும் ‘சகவயதினர் அழுத்தம்’ என்ற மொழிபெயர்ப்பைவிட ‘இன அழுத்தம்’ பழமைக்கு நெருக்கமானது. ஆனால் இன்றைய செய்தித்தாளில் அதை அச்சிட்டால் வாசகர் வேறு ஏதோ கலவரம் என்று நினைத்துக்கொள்வார். அந்த இடத்தில் ‘தோழர் அழுத்தம்’ என்றே எழுதலாம்.