ஸ்க்ரப் டைபஸ்: ‘உண்ணிக் காய்ச்சல்’ என்பது சரிதானா?

மழை ஓய்ந்து பனி இறங்கும் மாதங்களில் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் ‘உண்ணிக் காய்ச்சல்’ தலைகாட்டும். மருத்துவமனைச் சீட்டில் அதுவே ஸ்க்ரப் டைபஸ். உண்ணி என்றதும் நம் கை தானாக நாயின் காதைப் புரட்டிப் பார்க்கப் போகிறது. ஆனால் நாயுண்ணிக்கும் மாட்டுண்ணிக்கும் இந்தக் காய்ச்சலோடு தொடர்பே இல்லை. இதைப் பரப்புவது ஆங்கிலத்தில் ‘மைட்’ எனப்படும், கண்ணில் எளிதில் படாத வேறொரு சிற்றுயிர். பெயர் நம்மைத் தவறான இடத்தில் தேட வைக்கிறது என்பதுதான் என் கவலை.

‘ஸ்க்ரப்’ என்றால் குத்துச்செடியும் புதரும் மண்டிய நிலம். ‘டைபஸ்’ கிரேக்கத்தில் புகையைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. கடுங்காய்ச்சலில் புகை மூடினாற்போல் நினைவு மங்கிக் கிடக்கும் நிலைக்கு அந்தப் பெயர். (டைபாய்டு என்றால் ‘டைபஸ் போன்றது’. பெயரில்தான் உறவு, கிருமி வேறு.) நகரத்து டைபஸ், புதர்நிலத்து டைபஸ் என்ற பிரிவு 1920களில் மலாயாவில் உண்டானது.

ஜப்பானியர்கள் அதற்கும் வெகுகாலம் முன்பே நிகாட்டா பகுதியின் ஆற்றங்கரைகளில் இந்நோயை அறிந்திருந்தார்கள். ‘சுட்சுகாமுஷி’ என்றார்கள். சுட்சுகா என்றால் நோய், கேடு. முஷி என்றால் பூச்சி. நாம் ‘நோய்நொடி இல்லாமல்’ என்பதுபோல, ‘சுட்சுகா இல்லாமல்’ என்ற வழக்கு இன்றும் ஜப்பானியத்தில் உண்டு.

கிருமியின் அறிவியல் பெயர் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி. முன்பு ரிக்கெட்சியா என்ற பாக்டீரியப் பேரினத்தில் இருந்ததை, செல்சுவரின் அமைப்பே வேறு என்று கண்டு 1995இல் தனிப் பேரினமாக்கினார்கள். ஓரியன்ஷியா என்றால் ‘கீழை’. பாகிஸ்தான், ஜப்பான், வட ஆஸ்திரேலியா என்ற முக்கோணத்துக்குள்தான் இது வாழ்கிறது என்ற நம்பிக்கையில் வைத்த பெயர். 2006இல் துபாய் போய்வந்த ஒருவரிடம் இதன் உறவுக் கிருமி கிடைத்தது. அதற்கு ‘சூட்டோ’ என்று பெயர், ஜப்பானியத்தில் மத்திய கிழக்கு. அதே ஆண்டு தென் அமெரிக்காவில், சிலி நாட்டின் சிலோயே தீவிலும் நோய் தென்பட்டது. கீழை என்ற பெயர் அத்தோடு பொருந்தாமல் போயிற்று.

ஓரினத்துக்குள்ளேயும் இது ஒரே முகத்தோடு இருப்பதில்லை. கார்ப், கில்லியம், கட்டோ என்று மூன்று பழைய வகைகள். முதல் இரண்டும் 1943இல் நியூகினியிலும் அசாம்-பர்மா எல்லையிலும் பிரித்தெடுக்கப்பட்டவை, கட்டோ ஜப்பானுடையது. அப்புறம் எத்தனையோ வகைகள் வந்துவிட்டன. கிருமியின் புறச்சவ்வில் இருக்கும் ஒரு புரதம் வகைக்கு வகை மாறுகிறது. அதனால் ஒரு வகையிலிருந்து தேறியவருக்கு இன்னொரு வகை மீண்டும் வரலாம். இன்றுவரை தடுப்பூசி இல்லாததற்கு இது ஒரு முக்கியக் காரணம். 2007இல் இதன் மரபணுத்தொகுதியை முழுதாகப் படித்தபோது, சுமார் இருபது லட்சம் எழுத்துகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் திரும்பத் திரும்ப வரும் துண்டுகள். ஒரே மைட்டுக்குள் இரண்டு வகைகள் சேர்ந்திருப்பதும் உண்டு. வகைகளுக்கிடையே மரபணுத் துண்டுகள் கலந்து மாறுகின்றன.

இந்த வகைகளைத் ‘திரிபு’ என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. மூலம் ஒன்று இருந்து அது திரிந்தது என்ற எண்ணத்தைத் தரும். கார்ப் மூலமும் அல்ல, கட்டோ திரிபும் அல்ல. ‘கிளைவகை’ பொருந்தும், மொத்தத்துக்கு ‘மரபணுப் பன்மை’. பரிணாமத்துக்கு இலங்கைப் பாடநூல்கள் சொல்லும் ‘கூர்ப்பு’ அழகான சொல், இங்கும் எடுத்தாளலாம்.

சரி, நோய்க்கு என்ன பெயர்? ‘புதர்க் காய்ச்சல்’ எளிது, ஆனால் வயல் வரப்பிலும் வீட்டுக்கொல்லையிலும் இது வருகிறது. இடத்தை வைத்துச் சூட்டிய பெயர் எதுவும் நிலைக்கவில்லை. சிலோயேவிலும் வேலூரிலும் மாறாமல் இருப்பது பரப்பும் உயிரின் வகை ஒன்றுதான், அதாவது மைட். தென்னையைத் தாக்கும் அதன் உறவினத்தை நம் விவசாயிகள் ‘சிலந்தி’ என்பார்கள். அந்தச் சொல் இங்கே குழப்பும். ‘சிற்றுண்ணி’ சரியாக அமைகிறது. உண்பது உண்ணி, ஆனால் இது இரத்தம் குடிப்பதில்லை, தோலைக் கரைத்து அந்த நீரை உறிஞ்சுகிறது. அதுவும் ஆறுகால் குஞ்சாக இருக்கும்போது, வாழ்நாளில் ஒரே ஒருமுறை. அப்படியானால் கிருமி அதற்கு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் தாயிடமிருந்து, முட்டை வழியாக.

ஆகவே ‘சிற்றுண்ணிக் காய்ச்சல்’ என்பேன். குஞ்சின் நீளம் 0.2 மில்லிமீட்டர் அளவுதான், செம்பொடிபோல் புல்நுனியில் காத்திருக்கும். கடித்தது தெரியாது. சில நாளில் அக்குளிலோ தொடை இடுக்கிலோ இடுப்புக்கயிறு இறுகும் இடத்திலோ, சிகரெட்டால் சுட்டதுபோல் கருத்த பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். வலிக்காது. மருத்துவர்கள் ‘எஸ்கார்’ என்பது இதைத்தான். அடுப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் ‘கரும்பொருக்கு’ போதும். எல்லோருக்கும் அது தோன்றுவதில்லை. தோன்றியவர்களிலும், சட்டையைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.