கித்தாக் கட்டை ஊறிய போத்தல்

தீபாவளி முடிந்த இரண்டாவது வாரம். கிளினிக் கதவைத் திறந்ததும் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவர் செம்பனைக் குலை லோரி ஓட்டுபவர். வயது 54. இனிப்பு நீருக்குப் பல வருஷமாக எங்களிடம்தான் மாத்திரை வாங்குகிறார். விடியற்காலையில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழறியிருக்கிறது. மனைவி சீனித்தண்ணி கலக்கிக் கொடுத்த பிறகுதான் ஆள் தெளிந்தாராம். விரலில் குத்திப் பார்த்தேன், சீனித்தண்ணி குடித்தும் ரத்தச் சீனி 4.1 மில்லிமோல்தான் காட்டியது. ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். வாயைத் திறக்காமல் பைக்குள் கைவிட்டு ஒரு ஹார்லிக்ஸ் போத்தலை எடுத்து மேசைமேல் வைத்தார்.

தேத்தண்ணி நிறத்தில் முக்கால் போத்தல் சரக்கு. அடியில் சுண்டுவிரல் நீளத்தில் நாலு மரத்துண்டு.

"மோந்து பாருங்க டிரெஸ்ஸரே. ஸ்காட்ச் மாதிரியே இல்ல?"

நான் அரசாங்க மருத்துவ உதவியாளராக 29 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். ஆனாலும் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எல்லாருக்கும் டிரெஸ்ஸர்தான். அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் அந்த வேலை பார்த்தார், பட்டம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. போத்தலை மோந்து பார்த்தேன். ஸ்பிரிட் நெடி, அதற்கு மேல் லேசாக வார்னிஷ். மரம் ஏது என்றேன். பேரனின் உடைந்த கட்டில் கால். ஊற்றியது? சம்சு என்கிற மலிவுச் சாராயம். எத்தனை நாள் ஊறியது? ஆறு வாரம். மருமகன் இணையத்தில் இரண்டு லிட்டர் ஓக் பீப்பாய் வாங்கி விஸ்கி ஊற வைக்கிறானாம், அதைப் பார்த்துப் பிடித்த யோசனை.

கட்டில் கால் கித்தா மரம், அதாவது ரப்பர் மரம். நம் தாத்தா பாட்டி பால் வெட்டிய அதே மரம்தான். பால் குறைந்த பிறகு, 25, 30 வயதில் வெட்டி நாற்காலி, மேசை, கட்டில் செய்கிறார்கள். பச்சைக் கித்தா மரத்தை வண்டும் பூசணமும் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். அதனால் பலகை அறுத்த கையோடு போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் உள்ளே ஏற்றுவார்கள். அதன்பிறகு பசை, மேலே வார்னிஷ். பாலிஷைக் கரைக்கத் தச்சர் எதைத் தேடுவார்? ஸ்பிரிட்டைத்தான். அவர் ஆறு வாரம் குடும்பக் கட்டிலைக் கழுவித் தண்ணீர் எடுத்திருக்கிறார். நிறம் வந்தது உண்மை. கட்டில் காலைத் தேத்தண்ணியில் போட்டாலும் ஏதோ ஒன்று இறங்கத்தான் செய்யும்.

அப்படியானால் ஓக் மரத்தில் மட்டும் என்ன விசேஷம்? வெள்ளை ஓக்கின் நாளங்களை மரமே உள்ளுக்குள் அடைத்துக்கொள்ளும், அதனால் பீப்பாய் ஒழுகாது. உள்பக்கத்தை நெருப்பில் வாட்டும்போது மரத்தின் ஒரு பகுதி சீனிப்பாகு போல மாறுகிறது. லிக்னின் என்ற பொருள் உடைந்து வனிலா மணம் தருகிறது. தேங்காய் வாசனைகூட ஓக்கிலிருந்து வருவதுதான். கருகிய அடுக்கு, புதுச்சரக்கின் கந்தக நாற்றத்தை உறிஞ்சிக்கொள்கிறது. இதெல்லாம் மரம் செய்யும் வேலை. மீதியைச் செய்வது காற்று. பீப்பாயின் நுண்துளை வழியே மெதுவாகக் காற்று உள்ளே போய், வருஷக்கணக்கில் சரக்கின் காரத்தை மாற்றுகிறது. அந்த இரண்டாவது வேலையை அவசரப்படுத்த வழி கிடையாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய அந்த மருமகன் வீட்டுக்குப் போனேன். கூலிம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன், படித்த பிள்ளை. "அங்கிள், நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்று கூப்பிட்டான். நான் குடிப்பதே இல்லை என்று இங்கே எழுதினால் ஊரே சிரிக்கும். வருஷத்தில் நாலைந்து முறை உண்டு. மேசையில் நாலு கிளாஸ், நாலு விதம்.

ஸ்காட்ச் என்றால் ஸ்காட்லாந்தில் ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருஷம் ஊறியிருக்க வேண்டும், 700 லிட்டரை மிஞ்சாத பீப்பாயாக இருக்க வேண்டும், 40 விழுக்காட்டுக்குக் கீழே போத்தலில் அடைக்கக் கூடாது. 2009இல் வந்த சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. தண்ணீரும் கருக்கிய சீனி நிறமும் தவிர வேறு எதையும் சேர்க்க முடியாது. அதாவது ஸ்காட்ச்சின் பொன்னிறத்தையே முழுசாக நம்ப முடியாது! ஐரிஷும் 3 வருஷம்தான். பெரும்பாலும் மூன்று முறை வடிப்பதால் நாக்கில் மெதுவாக இறங்கும். அமெரிக்க பர்பன் வேறு வழி. அதில் குறைந்தது 51 விழுக்காடு சோளம், பீப்பாய் ஒவ்வொரு முறையும் புதுசு, உள்ளே கருக்கியது. ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய் மறுபடி பர்பனுக்கு ஆகாது, ஸ்காட்லாந்துக்குக் கப்பல் ஏறிவிடும். பர்பன் சீக்கிரமே சிவந்து, வனிலா மணம் தூக்கலாக இருப்பதற்குப் புது மரம்தான் காரணம். நாலாவது இந்திய விஸ்கி. இதில் இரண்டு ஜாதி. மலிவானவற்றில் பெரும்பகுதி கரும்புப் பாகிலிருந்து வடித்த ஸ்பிரிட், அதில் கொஞ்சம் மால்ட் (முளைகட்டிய பார்லி) விஸ்கி கலப்பு. ஐரோப்பாவில் அதை விஸ்கி என்று பெயர் போட்டு விற்க முடியாது. இன்னொன்று முளைகட்டிய பார்லியில் செய்தது. பெங்களூரின் அம்ருத் 2004இல் கிளாஸ்கோவிலேயே போய் முதல் கடை விரித்தது.

எனக்கு ஐரிஷ் பிடித்தது. அவன் பர்பன் கட்சி.

பிறகு பீப்பாயைக் காட்டினான். ஷோகேஸ் மேல், குத்துவிளக்குக்குப் பக்கத்தில். குழாயைத் திறந்து ஒரு சொட்டு கொடுத்தான். நல்ல பர்பன் வாங்கி ஊற்றியிருக்கிறான், மூன்று மாசம் ஆகிறது. நாக்கில் பட்டதும் கொட்டைப்பாக்கு மென்றது போல் இழுத்தது. இதில் ஆச்சரியமில்லை. பர்பன் பீப்பாய் ஏறக்குறைய 200 லிட்டர். இது 2 லிட்டர். சின்னப் பீப்பாயில் ஒவ்வொரு லிட்டரும் தொடும் மரப்பரப்பு சுமார் நாலரை மடங்கு. துவர்ப்பும் நிறமும் வாரக்கணக்கில் ஏறிவிடும், காற்று செய்ய வேண்டிய வேலை மட்டும் வருஷக்கணக்கிலேயே நிற்கும். காலண்டரை நம்பி விட்டுவைத்தால் மரக்கஷாயம்தான் மிஞ்சும். வாரம் ஒருமுறை ருசி பார்த்து, பிடித்த இடத்தில் கண்ணாடிப் போத்தலுக்கு மாற்றிவிடு என்றேன்.

"அங்கிள், அளவும் குறையுதே, யாராச்சும் திருடிக் குடிக்கிறாங்களோ?" என்றான். மாமனார் பக்கம் கண் போனது. பாவம், அவர் மேல் இந்தப் பழி வேண்டாம். ஸ்காட்லாந்துக் குளிரில் வருஷத்துக்கு 2 விழுக்காடு ஆவியாகிறது, தேவதைகளின் பங்கு என்பார்கள். பெங்களூரில் அது 10, 12 விழுக்காடு. நம் ஊரில் மத்தியானம் 33 பாகை, பீப்பாயோ உள்ளங்கை அகலம். காற்றில் ஈரம் அதிகமானால் தண்ணீரைவிட ஆல்கஹால் முந்திக்கொண்டு கிளம்பும். அளவும் போகும், வீரியமும் போகும்.

ஷோகேஸுக்குள் இன்னொன்று இருந்தது. அவன் தாத்தா ஓய்வு பெற்றபோது மேனேஜர் கொடுத்த 12 வருஷ ஸ்காட்ச், உறை பிரிக்காதது. இப்போது நாற்பத்தைந்து வயதாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கண்ணாடிக்குள் போன விஸ்கிக்கு வயது ஏறாது. அது இன்றும் 12 வருஷ விஸ்கிதான். படுக்க வைத்திருந்தார்கள், நிமிர்த்தி வைக்கச் சொன்னேன். ஒயின் மாதிரி இல்லை, விஸ்கி பட்டால் தக்கை கெட்டுப்போகும்.

இதுவரை சொன்னது ருசி விஷயம். கிளினிக்கில் உட்கார்ந்திருப்பவனுக்கு இதைவிடப் பெரிய கவலை இருக்கிறது. "ஊறிடுச்சுல்ல, விஷமெல்லாம் மரம் இழுத்துக்கும்" என்று லோரிக்காரர் போகிறபோக்கில் சொன்னாரே, அதுதான் என்னை எழுத உட்கார வைத்தது.

கலப்படச் சரக்கில் இருக்கக்கூடிய விஷ ஆல்கஹாலுக்கு மெத்தனால் என்று பெயர். அதை மரம் இழுக்காது. ஆறு வாரமானாலும் ஆறு வருஷமானாலும் அது அங்கேயேதான் இருக்கும். நிறம், மணம், ருசி எதிலும் குடிக்கிற ஆல்கஹாலிலிருந்து அதைப் பிரித்தறிய முடியாது. கொளுத்திப் பார்த்து நீலச்சுடர் வந்தால் நல்லது என்பதும் நம்பத்தகாத சோதனை. நம் ஈரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் கண் நரம்பைத் தின்னும். சுத்த மெத்தனால் 10 மில்லி கண்ணைப் பறிக்கலாம், 30 மில்லி உயிரையே எடுக்கலாம். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் கலப்பட மது குடித்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் வேலைக்கு வந்த வெளிநாட்டுப் பிள்ளைகள்.

நான் சர்வீஸில் இருந்தபோது ஒருவர் வந்தார், முப்பது வயதுக்கு மேல். முந்தின நாள் ராத்திரி நண்பர்களோடு குடித்திருக்கிறார். காலையில் சாதாரணத் தலைவலி, வேலைக்கும் போயிருக்கிறார். மத்தியானத்துக்கு மேல் வயிற்றுவலி, வாந்தி. என்னிடம் வந்தபோது மாலை ஐந்து மணி. கேமரன் மலையில் பனி இறங்கின மாதிரி எல்லாம் வெள்ளையா இருக்கு, நீங்க டியூப் லைட்ட போட்டுட்டீங்களா என்று கேட்டார். விளக்கு போடவில்லை. மூச்சு ஆழமாக, ஓடி வந்தவர் போல வாங்கியது. ஈப்போவுக்கு ஆம்புலன்ஸில் ஏற்றினோம், ரத்தம் சுத்திகரித்தார்கள். உயிர் தங்கியது. பார்வை முழுசாகத் திரும்பவில்லை. இந்த விஷத்தில் குடிக்கும் நேரத்துக்கும் அறிகுறிக்கும் நடுவே 12 மணி, 24 மணி இடைவெளி இருக்கும். "நேத்தே குடிச்சாச்சு, ஒண்ணும் ஆகல" என்பது ஆறுதல் இல்லை.

இங்கே ஒரு வாட்ஸ்அப் கதையையும் சொல்லிவிடுகிறேன். வியட்நாமில் இப்படி ஒருவருக்கு மருத்துவர்கள் 15 டின் பீர் ஏற்றிக் காப்பாற்றியதாக 2019இல் செய்தி வந்தது. செய்தி உண்மை. ஈரல் நல்ல ஆல்கஹாலை முதலில் எடுத்துக்கொள்ளும், அதற்குள் மெத்தனாலை வெளியேற்ற நேரம் கிடைக்கும். ஆனால் அதை ஆஸ்பத்திரியில், ரத்தத்தை அளந்துகொண்டு, டயாலிசிஸ் வசதியோடு செய்தார்கள். வீட்டில் விஸ்கி ஊற்றிக் கொடுத்துக் காத்திருந்தால் ஆளை இழப்பீர்கள். மங்கலாகத் தெரிகிறது என்று சொன்ன நிமிஷமே ஆஸ்பத்திரி, மிச்சமிருக்கும் போத்தலோடு.

சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், தாங்களே வடிக்கலாமே என்கிறார்கள். 1976ஆம் ஆண்டு கலால் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது வடிப்பது குற்றம். முதலில் வரும் ஒரு கிளாஸைக் கொட்டிவிட்டால் மெத்தனால் போய்விடும் என்பதும் பாதிதான் சரி. தண்ணீரோடு ஒட்டிக்கொண்டு அது கடைசிவரை கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருக்கும். தானிய ஊறலில் அது குறைவு, பழத்தில் கூடுதல். கூட்டமாகச் சாவு விழும் இடங்களில் பெரும்பாலும் யாரோ ஒருவன் தொழிற்சாலை மெத்தனாலைக் கொண்டுவந்து கலந்திருப்பான். ஆகவே எங்கிருந்து வந்தது என்று தெரியாத சரக்கை எந்த மரத்தில் ஊற வைத்தும் பிரயோஜனம் இல்லை. சுங்கத்துறை வரி முத்திரை இருக்கிறதா, மூடியின் வளையம் உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். காலிப் போத்தலை எறியும்போது லேபிளைக் கிழித்துவிடுங்கள், வேறு எவனும் அதில் நிரப்பி விற்கக் கூடாது.

இனி லோரிக்காரரின் விடியற்காலை நடுக்கத்துக்கு வருகிறேன். அதற்குக் காரணம் கட்டில் காலும் இல்லை, மெத்தனாலும் இல்லை. மருமகனோடு "ஒப்பிட்டுப் பார்க்க" உட்கார்ந்து நாலு வகையிலும் இரண்டு இரண்டு பெக் போட்டிருக்கிறார், கடைசியில் தன் போத்தலிலும் ஒரு வாய். 40 விழுக்காட்டில் 30 மில்லி பெக் ஒன்றில் ஏறக்குறைய 9.5 கிராம் ஆல்கஹால். எட்டு பெக் என்றால் 76 கிராம். ஈரல் அதைக் கழுவிக்கொண்டிருக்கும்போது ரத்தத்துக்குச் சீனி தயாரிப்பதை நிறுத்திவிடும். அவர் சாப்பிடும் கிளிகிளசைடு மாத்திரையோ இன்சுலினைத் தள்ளிக்கொண்டே இருக்கும். சோறும் சாப்பிடாமல் படுத்துவிட்டார். மனைவிக்கு விழிப்புத் தட்டாமல் போயிருந்தால், அவர் என் கிளினிக்குக்கு வந்திருக்க மாட்டார்.

உடம்பு மணிக்கு ஏழிலிருந்து பத்து கிராம்தான் எரிக்கும். நள்ளிரவில் முடித்த 76 கிராம், காலை ஏழுக்கு லோரிச் சாவியை எடுக்கும்போதும் பாக்கி இருக்கலாம். 2020 அக்டோபரிலிருந்து வாகனமோட்டிக்கு வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராமிலிருந்து 50க்கு இறங்கிவிட்டது. ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் ஆசை என்றால் வகைக்கு 10 மில்லி ஊற்றி, சம அளவு தண்ணீர் விட்டு, மூக்குக்கு வேலை கொடுங்கள். விஸ்கி கலக்கும் நிபுணர்களே பெரும்பாலும் தண்ணீர் விட்டுத்தான் மோந்து பார்க்கிறார்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முதலில் வயிற்றுக்குச் சாப்பாடு போடுங்கள், மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இந்த மெத்தனால், மாத்திரை விஷயத்தையெல்லாம் அன்றைக்கே அவரிடம் ஹார்லிக்ஸ் போத்தலை நடுவில் வைத்துக்கொண்டுதான் பேசினேன். கேட்டு முடித்தவர் கொஞ்ச நேரம் போத்தலையே பார்த்தார். "முட்டி வலிக்குத் தேய்க்கலாமா?" என்றார். வேண்டாம் என்றேன். எழுந்துபோய் சிங்கில் அவரே கவிழ்த்தார். மரத்துண்டு நாலும் சல்லடையில் தங்கின. ஒன்றை எடுத்து மூக்குக்கிட்ட கொண்டுபோனார்.

"ஆமா டிரெஸ்ஸரே, வார்னிஷ்தான்."

போத்தலை மட்டும் கழுவித் திரும்ப எடுத்துக்கொண்டார். ஊறுகாய் போட வேண்டுமாம்.